பாவம் சொல்லக் கூடாத வார்டு

காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டால் கால் நீண்டுபோகும் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை, தலைக்கு டை அடிக்கிற வயதில். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, திட்டமும் போட்டேன். இனிமேல் பேண்டு தைத்தால் இடது காலை மட்டும் நீளமாகத் தைக்கச் சொல்ல வேண்டும். வேட்டிக்குப் பிரச்சினை இல்லை. கருடசேவைக் கூட்டத்தில் அந்தக் காலை ஊன்றி நின்றால் முன்னால் நிற்கிறவன் தலை மறைக்காது. ஏதோ ஒரு நல்லதாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். நான் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புடவைகளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல். வளைவில் ஓர் எருமை தன் சொந்த வேலையாகக் குறுக்கே வந்தது. வண்டி சாய்ந்தபோது கையை ஊன்றியிருக்கலாம். நான் புடவை மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். புடவைகளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எனக்கு இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. எருமை நின்று பார்த்துவிட்டுப் போனது.

உடம்பில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்ததால் உடனே ஆபரேஷன் முடியாது, இறங்கட்டும் என்றார் டாக்டர். அதுவரை டிராக்‌ஷன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தி, கம்பியில் கயிறு கட்டி, கயிற்றைக் கட்டிலின் கால்பக்கத்தில் இருந்த உருளைமேல் விட்டு, அந்த முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். கம்பி போட்டு முடித்ததும் "கரண்டு எப்ப சார் குடுப்பீங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிக்கவில்லை.

அந்த நர்ஸைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். என் வயதுதான் இருக்கும். குள்ளம். கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். மாகறல் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்று ஒருமுறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூட்டி போட்டுவிட்டால், சர்ச்சுக்குப் போக முடியாத கோபம் எங்கள் மேல் இறங்கும் என்று வார்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு என்னவோ எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் தெரிந்தது.

வார்டுக்குள் வந்தால் அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். கட்டிலின் கால்பக்கமாக வருவார். பாதத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பார், விரலை ஆட்டச் சொல்வார், குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையைச் செருகித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். முகம் கடைசியில்தான். குணமாகிப் போனவர்கள் பல மாதம் கழித்து வந்து "என்னத் தெரியுதா சிஸ்டர்?" என்று எதிரே நின்றால் விழிப்பார். பிறகு குனிந்து அவர்கள் காலைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களாண்ணா" என்பார்.

என்னைப் பற்றி அவர் முதலில் கண்டுபிடித்தது நான் ஒரு டேப்பை ஒளித்துவைத்திருந்ததைத்தான். ரவிக்கைத் துணி அளக்கிற டேப்பைக் கடையிலிருந்து என் மனைவி மூலமாக வரவழைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு காலையும் அளந்துகொண்டிருந்தேன். படுத்த வாக்கில் அளந்தால் எந்தக் கணக்கும் சரியாக வராது என்பது எனக்குத் தெரியாது. இடது கால் இரண்டு விரற்கடை நீண்டிருப்பதாக முடிவுக்கு வந்து வியர்த்துப்போயிருந்தேன்.

"இன்னாண்ணா அளக்கறீங்க? ஜாக்கெட்டா?"

சொன்னேன். பெரிதாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டேப்பை வாங்கிச் சுருட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"உங்க கால் உடஞ்ச அன்னிக்கே குட்டையாயிடுச்சு. தொடை சதை இறுக்கிப் புடிச்சிக்கினு, உடஞ்ச ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குது. அத்த பழைய எடத்துக்குக் கொண்டாந்து நிறுத்தத்தான் இந்தக் கல்லு. நீளமாவும் ஆவாது, ஒண்ணும் ஆவாது. இத்த விட்டாத்தான் குட்டையாவும்."

"அப்ப எனக்குப் புதுசா உயரம் கெடைக்காதா சிஸ்டர்?"

"இருந்தது கெடச்சா போதும்னு கும்புட்டுக்குங்க."

அந்த வார்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. பாவம். பார்க்க வருகிற எவரும் உதட்டைப் பிதுக்கி "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் சிஸ்டர் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். "பாவம்னு சொல்றவங்க வெளிய நின்னு சொல்லிட்டு உள்ள வாங்க" என்பார். முதலில் எனக்கு இது கொடூரமாகப் பட்டது. நோயாளியிடம் பாவம் பார்க்காத நர்ஸ் என்றால், மீன் வாடை பிடிக்காத மீன்கடைக்காரர் மாதிரியல்லவா.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். அவர் மகள் அப்பாவுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிட்டுப் போவாள். சிஸ்டர் வந்து உருவுவார். சாயங்காலம் மகள் செருகுவாள். மறுபடி உருவுவார். ஒருநாள் இருவரும் நேருக்குநேர் சந்தித்தார்கள்.

"பாவம் சிஸ்டர், முட்டிய நீட்டினா வலிக்குதுன்றாரு."

"வலிக்கத்தான் செய்யும்மா. மடக்கியே போட்டா முட்டி அப்படியே புடிச்சிக்கும். அப்புறம் உங்கப்பா நிக்கும்போதும் உக்காந்த மாதிரியே நிப்பாரு. பரவால்லயா?"

பெரியவர் பயந்துபோய்த் தலையணையைத் தானே எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

என் விஷயத்தில் பாவம் பார்த்தது என் மனைவி. எனக்குப் பெட்பேன் என்றால் உயிர் போகும் வெட்கம். அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள். மனைவியும் உடந்தை. "பாவம், கூச்சப்படறாரு" என்று இட்லியை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோவாள். சிஸ்டர் என் உதட்டைக்கூடப் பார்க்கவில்லை, தண்ணீர் பாட்டிலில் நீர்மட்டத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கலன்னா மூத்திரம் எரியும், மலம் கட்டும், அப்புறம் குழாய் போடுவாங்க. எது வேணும் சொல்லுங்க."

"சிஸ்டர், நான் ஊர்ல ஒரு மரியாதையான ஆளு."

"இந்த வார்டுல எல்லாரும் மரியாதையான ஆளுதான். எல்லாருக்கும் அதே பெட்பேன்தான்."

கட்டிலுக்கு மேலே ஒரு முக்கோணக் கைப்பிடி தொங்கும். அதைப் பிடித்து இடுப்பை நானே தூக்க வேண்டும். அவர் அடியில் கைவிட்டு முதுகில், புட்டத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாளில் எத்தனை முறை என்று கேட்காதீர்கள். "நீங்கதான் தூக்கணும்ண்ணா. நான் தூக்கினா அது என் எக்ஸர்சைஸ்" என்பார்.

வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் கேட்பது அங்கே வழக்கம். நான் ஒருநாள், "ஜிஎஸ்டி சேத்தா, சேக்காமயா சிஸ்டர்?" என்றேன். அவர் முகம் மாறாமல், "சேத்தே சொல்லுங்க" என்றார். இப்படி எத்தனையோ ஜோக்குகளை அவர் முன்னால் வைத்தேன். எங்கள் கடையில் சிரிப்பே வராத கல்யாணப் பெண்ணின் அம்மாவையே சிரிக்க வைத்தவன் நான். இவரிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டியூட்டி மாற்றிக்கொள்ள வந்த இன்னொரு நர்ஸிடம் என்னைக் காட்டி, "இந்தண்ணா சும்மா பேசினா பேசட்டும். ஜோக் மேல ஜோக் வந்துச்சுன்னா வந்து கால பாரு. இவருக்கு வலியோ பயமோ வந்தா வாய் நிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி கண்டுபிடிக்காத விஷயம்.

சரி, எனக்கு உண்மையில் என்ன பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் தரை முழுக்க வெள்ளை மெத்தை. சேல்ஸ்மேன் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். எதிரே பெண் வீட்டார். புடவையை உதறி விரித்து, எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி விரித்து, மறுபடி எழுந்து. உட்கார்ந்து எழுவதுதான் என் தொழில். புடவை என்பது அதற்கு ஒரு சாக்கு. அந்த மெத்தையின் நடுவில் நான் உட்கார்ந்து பேசினால் சுற்றிலும் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். கால் மடங்காவிட்டால் நான் அந்த மெத்தைக்கு ஆகமாட்டேன்.

முதலாளி ஒருநாள் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். என் காலையும் கல்லையும் பார்த்தார். என் மனைவியிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"பாவம்மா. இனிமே இவனால கீழ உக்கார முடியாது. வாசல்ல கஸ்டமர் செருப்பு பாத்துக்கற எடம் காலியா இருக்குது. ஸ்டூல் போட்டுத் தந்துடறேன். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "செருப்புங்ககிட்ட ஜோக் சொன்னா சிரிக்குமா முதலாளி?" என்றேன். அடுத்து இன்னொன்று சொன்னேன். அதற்கடுத்து இன்னொன்று. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சிஸ்டர் நின்றார்.

"யாரு பாவம்னது?"

முதலாளி, அந்த ஊரில் கண்டதும் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர். அவரே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சிஸ்டர் விசாரித்தார். மெத்தை எவ்வளவு கனம், எந்தக் காலை மேலே போட்டு உட்காருவார், கைப்பிடி ஏதாவது இருக்கிறதா, ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு எத்தனை தடவை எழுந்திருப்பார் என்று கேட்டார். முதலாளி பரீட்சை எழுதுகிறவர் மாதிரி பதில் சொன்னார்.

"அந்த எடத்த அப்படியே வைங்க சார். யாரையும் போடாதீங்க. எவ்ளோ மடங்கும்னு நான் இப்ப சொல்ல முடியாது. ஆனா மடங்க வைக்காம நான் விடமாட்டேன்."

இதையெல்லாம் கெடுக்க இருந்தவன் என் மச்சான் ஏகாம்பரம். என் மனைவியின் தம்பி. தறி ஓட்டுகிறவன். அவனைப் போல அன்பானவன் கிடையாது, ஆபத்தும் அதில்தான். ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் தறியை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வருவான். வந்தால் என்னைப் பார்க்க மாட்டான், கயிற்றைப் பார்ப்பான். இழுத்துக் கட்டிய எதைப் பார்த்தாலும் அவன் கை சும்மா இருக்காது.

"இன்னா மாமா இது, ராவும் பகலும் இழுத்துக்கினே இருக்குது? தறியில கூட வேல முடிஞ்சா பாவு நூல தளர்த்தி விட்டுட்டுத்தான் எந்திரிப்போம். ராத்திரி பூரா விறைப்பா வுட்டா நூலே தாங்காது. கால் எப்படித் தாங்கும்?"

எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. பட்டு நூலுக்கே ஓய்வு கொடுக்கிற ஊரில் என் காலுக்கு மட்டும் ஏன் இல்லை? டாக்டர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குத் தறி தெரியாது, என்று நானும் அவனும் பேசி முடித்தோம். ஏகாம்பரம் ஒரு ஸ்டூலை இழுத்துக் கல்லுக்கு அடியில் வைத்தான். உயரம் போதவில்லை. என் போர்வையை மடித்து ஸ்டூல்மேல் போட்டான். கல் அதன் மேல் சுகமாக உட்கார்ந்தது. கயிறு தொய்ந்தது.

ஆஹா என்றேன். உண்மையாகவே ஒரு நிம்மதி. அதை முழுசாக அனுபவிக்கும் முன்னால் தொடைச் சதை ஒரு முறுக்கு முறுக்கியது. பிறகு இன்னொன்று. உள்ளே ஏதோ நகர்ந்தது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி தொடை தன்னைத் தானே பிழிந்தது. கத்தினால் மச்சான் மாட்டிக்கொள்வான். அதனால் ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். எருமை ஜோக், முதலாளி ஜோக், பக்கத்துக் கட்டில் பெரியவரின் முட்டியைப் பற்றி ஒன்று. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தில் வியர்வை வடிந்தது.

வார்டின் அந்தக் கோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்தார். ஊசியை முடித்தார். ஓடி வரவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. நேராகக் கால்பக்கம். ஸ்டூலைப் பார்த்தார்.

"யாரும் தொடாதீங்க."

கல்லைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஏகாம்பரத்தை ஸ்டூலை எடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் விடுகிறவர் மாதிரி, கல்லைக் கீழே இறக்கி இறக்கிக் கயிறு விறைக்கும்வரை கூடவே போய்க் கையை எடுத்தார். விரலை ஆட்டச் சொன்னார். பாதத்தைத் தொட்டார். கம்பி நுழைந்த இடத்தைப் பார்த்தார். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு ஆனது. அதற்குப் பிறகுதான் மச்சான் பக்கம் திரும்பினார். ஏகாம்பரம் அழுகிற நிலையில் இருந்தான்.

"பாவமா இருந்துச்சு சிஸ்டர். தறிய தளர்த்தற மாதிரின்னு நெனச்சேன்."

அவர் திட்டுவார் என்று வார்டே காத்திருந்தது.

"தறியில நெய்துக்கினு இருக்கும்போது தளர்த்துவியாப்பா?"

"எப்படி சிஸ்டர்? நெசவு கெட்டுடும்."

"அதான். உனக்கு பொழுது சாஞ்சா வேல முடிஞ்சிடுது. இங்க முடியல. ராத்திரியிலயும் நெய்துக்கினுதான் இருக்குது."

ஏகாம்பரம் என் தொடையையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே யாரோ உட்கார்ந்து நெய்கிறார்கள் என்பது மாதிரி. சிஸ்டர் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் முடியும்வரை கயிற்றை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கல் எதன் மேலும் இடிக்கக் கூடாது. அதோடு தீர்ந்தோம். மறுநாளிலிருந்து அவன் வார்டுக்கே காவலாகிவிட்டான். என் சொந்தக்காரர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார வந்தால், "எந்திரி, கயிறு ஆடுது" என்பான். பெரியவரின் மகள் "பாவம்" என்று வாயெடுத்தால், "வெளிய போய் சொல்லிட்டு வாக்கா" என்பான். சிஸ்டரே ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கொறச்சிக்கப்பா" என்றார்.

எக்ஸ்ரேவில் எலும்பு கொஞ்சம் ஏறியிருந்தது. கல் தொங்கத் தொங்க மறுபடி இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. ஆபரேஷன் செய்து தொடைக்குள் நீளமான உலோகக் கம்பி ஒன்றை வைத்தார்கள். அது முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சிஸ்டருக்கு அன்றுதான் ஆரம்பம்.

முழங்காலை மடக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, நல்ல காலால் கெட்ட காலைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வார்கள். பிசியோதெரபிக்காரர் காலையில் வந்து சொல்லித் தந்துவிட்டுப் போவார். அதைச் செய்தேனா என்று நாள் முழுக்கப் பார்ப்பது சிஸ்டர். ஒருநாள் வலியில் நான் கட்டிலின் கம்பியைக் கடித்தேன், நிஜமாகவே பல்லால் கடித்தேன். மனைவி அழுதாள். "இன்னிக்கி ஒருநாள் விட்டுடுங்க சிஸ்டர்" என்றாள். பாவம் என்று சொல்லாமல் அவள் சொல்லி முடித்ததே பெரிய விஷயம்.

"நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா. நீங்க இங்க நின்னா அவரு உங்களப் பாக்கறாரு. முட்டியப் பாக்கணும்."

எப்போதும் அவர் சரியாகவே இருந்தார் என்று சொல்ல மாட்டேன். எதிர்க் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், கணுக்காலுக்கு மேலே உடைந்து ஆபரேஷன் ஆனவர். ஒருநாள் பாதத்தை மடக்க முடியாது, ரொம்ப வலிக்கிறது என்று அடம்பிடித்தார். சிஸ்டர் கட்டைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், ஒன்றும் இல்லை. டிமிக்கி என்று முடிவு செய்து செய்யவைத்தார். மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. தையல் போட்ட இடம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து மருந்து மாற்றிவிட்டுப் போனபின், சிஸ்டர் அந்தக் கட்டிலுக்கு முன்னால், நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, நேராக நின்றார்.

"நேத்து நீங்க சொன்னது நெசம்ண்ணா. நான்தான் ஏமாத்தறீங்கன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது."

டிரைவர் பதறிப்போனார். "அட விடுங்க சிஸ்டர். பாவம், நீங்களும் எத்தன பேரத்தான்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். வார்டு மூச்சை நிறுத்தியது. சிஸ்டர் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று முழுக்க ஒவ்வொரு கட்டிலிலும் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். என் கட்டிலில் முதல்முறையாக, "நெசமாவே முடியலன்னா சொல்லிடுங்கண்ணா" என்றார். எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

அந்தச் சொல்லின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று ஒருநாள் கேட்டேன். சொந்தத்தில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று மெதுவாகத் தூண்டில் போட்டேன். "கதை கேக்கற நேரமா இது? இடுப்பத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். அதற்குமேல் தெரியாது.

வீட்டுக்கு வந்து, வாக்கரில் நடந்து, பிறகு கைத்தடியில் நடந்து, பிறகு அதையும் விட்டு, கடைக்குப் போகிற நாள் வந்தது. மெத்தை காலியாகத்தான் இருந்தது. முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். வாசலில் ஸ்டூலும் தயாராக இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளே போனேன். சாமி படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மெத்தையில் மெல்ல உட்கார்ந்தேன். கால் மடங்கியது. முன்போல் இறுக்கமாக இல்லை, இடது முட்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது, ஆனால் சம்மணம் சம்மணம்தான். திருப்புட்குழியிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து எதிரே உட்கார்ந்தது. பேசினேன். விரித்தேன். பெண்ணின் அத்தை சிரித்து இருமினார். நான் திரும்பி வந்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது பெண்ணின் அம்மா மேல் தட்டைக் காட்டி, "அந்த அரக்குக் கலர எடுங்க" என்றார்.

எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. ஒருமுறை முயன்றேன், பின்னால் சாய்ந்தேன். "மெத்தைய விட்டு எந்திரிக்க மனசு வரலைங்க" என்று ஒரு ஜோக் சொன்னேன். இன்னொன்று சொன்னேன். கடைப் பையன்கள் இருவர் என் அக்குளில் கைகொடுக்க ஓடிவந்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். அவர் வாய் "பா" என்று திறந்ததை நான் பார்த்தேன். அவர்கள் ஒருமுறை என்னைத் தூக்கிவிட்டால் நாளையிலிருந்து என் இடம் ஸ்டூல் என்பது அந்த அறையில் எனக்கும் அவருக்கும் தெரியும். "ஒரு நிமிஷம்மா, அந்தக் கலர் ஸ்டாக்கு கேட்டுக்கறேன்" என்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டு போனை எடுத்தேன். சிஸ்டர் நம்பர், மனைவி வாங்கி வைத்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினேன்.

"சிஸ்டர், நான்தான். தொடை எலும்பு, இடது."

"சொல்லுங்கண்ணா."

"உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. கஸ்டமரு எதிர்ல இருக்காங்க."

"யாராச்சும் தூக்க வராங்களா?"

"ரெண்டு பேரு."

"தள்ளி நிக்கச் சொல்லுங்க. நேரா எந்திரிக்காதீங்க. பக்கவாட்டுல திரும்பி ரெண்டு கையும் மெத்தையில ஊனி முட்டி போடுங்க. நல்ல கால் பாதத்த முன்னால வைங்க. அந்தத் தொடை மேல கைய வெச்சி அழுத்தி எந்திரிங்க. வெக்கப்படாம பண்ணுங்க. எனக்கு இங்க பேஷண்டு இருக்குது, வெக்கறேன்."

வைத்துவிட்டார்.

பையன்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பக்கவாட்டில் திரும்பினேன், கைகளை ஊன்றி முட்டி போட்டேன், வலது பாதத்தை முன்னால் வைத்தேன், தொடைமேல் கையை அழுத்தினேன். எழுந்தேன். அலமாரிக்கு நடந்து போய் மேல் தட்டிலிருந்து அரக்குப் புடவையை எடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, அதை விரித்தேன்.